காதால் பஸ் பிடிக்கிறவன்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். உங்கள் முதுகுவலியும் அம்மாவின் இருமலும் எப்படி இருக்கின்றன?

பழைய டீசல் ஷேர் ஆட்டோவைக் கொடுத்துவிட்டு, அரசு மானியத்தில் பேட்டரி வண்டி எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அந்த மாதிரித் திட்டங்களைப் படித்துக் குறிப்பெழுதுவதுதான் எனக்கு இங்கே வேலை. எடுங்கள், அப்பா. குலுக்கலும் புகையும் இல்லாவிட்டால் உங்கள் முதுகும் ஊரார் நெஞ்சும் பிழைக்கும்.

நேற்று ஒரு கூத்து. பஸ் நிறுத்தத்தில் திரும்பி நின்றிருந்தேன். மின்சார பஸ் என் முதுகுக்குப் பின்னால் வந்து, நின்று, போயே விட்டது. இந்த வாரத்தில் மூன்றாவது முறை. அறைத்தோழன் சிரித்தான்: "காதால பஸ் பிடிக்கிற ஆளு உலகத்துலயே நீ ஒருத்தன்தான்டா!"

உண்மைதான். தெருமுனையில் உங்கள் வண்டிச் சத்தம் கேட்டதுமே, "அப்பா வந்துட்டாரு, தட்டை எடுத்து வை" என்பாள் அம்மா. நீங்கள் வீட்டுக்கு வருவதை நான் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம்.

ஒரு சின்ன உதவி. வண்டியைக் கொடுக்கும் முன், தெருமுனையிலிருந்து வாசல் வரை ஒருமுறை ஓட்டி வாருங்கள். அம்மா வீட்டுக்குள் இருந்தபடி போனில் பதிவு செய்யட்டும். தட்டு வைக்கிற சத்தமும் அதில் இருக்கட்டும்.

நிறுத்தத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். தலை நிமிர்ந்தால் பஸ் வந்து நிற்கிறது, சத்தமே போடாமல். ஓடுகிறேன்.

உங்கள் சின்னவன்