கரும்பலகையில் நான் எழுதிய பொய்

ஜூலை 17, வியாழன்
சாரல். குற்றாலத்தில் நல்ல கூட்டம். பழக்கடையை மச்சினனிடம் விட்டுவிட்டு நாலு மணிக்கே தென்காசி வந்தேன். பள்ளிவாசல் கரும்பலகையில் வாராவாரம் நபிமொழி எழுதுவது நான். பத்தாவது ஃபெயிலான எனக்குப் பள்ளிவாசல் ஜமாஅத் கொடுத்த ஒரே பதவி. கையெழுத்துக்காக. ஜமாஅத் செக்ரட்டரி துண்டுச்சீட்டு தந்தார், எழுதினேன். சுழியெல்லாம் அம்சமாக விழுந்தது.

ஜூலை 18, வெள்ளி
ஜும்ஆ தொழுகைக்கு வந்த கூட்டம் நின்று நின்று வாசித்தது. பெருமை தாங்கவில்லை. வீட்டுக்கு வந்தால் மகள் போனை நீட்டுகிறாள். பலகையின் போட்டோ.

“வாப்பா, வாசிங்க.”

வாசித்தேன். பெண்களுக்கு எழுதக் கற்றுக்கொடுக்காதீர்கள் என்று நபி (ஸல்) சொன்னதாக. என் கையெழுத்தில். எழுதும்போது எழுத்தைத்தான் பார்ப்பேன், வாசகத்தைப் பார்க்க மாட்டேன். மடையன்.

மகள் மார்க்கக் கல்வியில் ஆலிமா பட்டம் வாங்கியவள். மாலையில் மதரஸாவில் தெருப் பெண்களுக்கு எழுதச் சொல்லிக்கொடுப்பவள். அவளுக்கு நான் செய்த உதவி இது.

“இட்டுக்கட்டினது வாப்பா. இத நபி சொன்னதா அறிவிச்சவங்கள்ல ஒருத்தன் பொய்யன்னு அந்தக் கால இமாம்களே எழுதி வச்சிருக்காங்க. நபியோட மனைவி ஹஃப்ஸா நாயகியே எழுதப் படிச்சவங்கல்லா.”

சாயந்திரம் வகுப்பில் பாதிப் பேர் இல்லை. ‘நபி பேச்சையே மீறுதியான்னு வீட்டுக்காரர் கேக்காரு’ என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள் ஒருத்தி.

ஜூலை 19, சனி
ரம்புட்டான் புளிப்பு. ‘தேன் போல’ என்று அட்டை எழுதியதும் நான்தான். பழத்துக்கு நான் புளுகு விடுவது என் பாவம். நபி பேரிலுமா விடுவார்கள்?

தொழுகை நடத்தும் ஹஜ்ரத்திடம் போனேன். ஹதீஸ் கிதாபைப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றினார்.

“உங்க மக சொன்னது சரிதான். இது நபிமொழியே இல்ல.”

“அப்ப வெள்ளிக்கிழம மிம்பர் மேடையில ஏறிச் சொல்லிருங்க ஹஜ்ரத்.”

“செக்ரட்டரிகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுங்களேன்.”

ஓதிப் படித்த மனுஷன்! செக்ரட்டரிக்குப் பயம்.

ஜூலை 20, ஞாயிறு
செக்ரட்டரி வீடு. உட்காரச் சொல்லவில்லை.

“என்னவே, பத்தாவது ஃபெயிலு ஹதீஸத் திருத்த வந்துட்டீரோ?”

“இது எங்க இருந்து எடுத்தது அண்ணாச்சி?”

“வாட்ஸ்அப்ல வந்துது. அனுப்புனவரு ரெண்டு ஹஜ்ஜு செஞ்சவரு.”

“அவருக்கு யாரு சொன்னா?”

“அது எனக்கெதுக்குவே? நல்ல விஷயந்தான?”

அடிக்கவில்லை. பொறுமை என்று எழுத ஆசைதான். அவர் என்னைவிட உயரம்.

ஜூலை 21, திங்கள்
மழை. கரும்பலகையை அழித்துவிட்டு, ‘சென்ற வாரம் எழுதியது நபிமொழி அல்ல’ என்று எழுதினேன். அஸர் தொழுகைக்குள் ஈரத்துணியால் துடைத்துவிட்டார்கள். மறுபடி எழுதினேன். மறுபடி துடைத்தார்கள். சாக்பீஸ் டப்பாவும் மாயம்.

வகுப்புக்கு இன்று மூன்றே பேர். மகள் அந்த மூன்று பேருக்கும் முழுப் பாடமும் நடத்தினாள். என்னைத் திட்டித் தொலைத்திருக்கலாம்.

ஜூலை 23, புதன்
வெயில். வாங்கியது: கறுப்பு எனாமல், தட்டை பிரஷ், டர்பென்டைன்.

எங்கள் வீடு பள்ளிவாசலுக்கு நேர் எதிரே. முன்சுவர் முழுக்க எழுதினேன். ‘பெண்களுக்கு எழுதக் கற்றுக்கொடுக்காதீர்கள் என்பது நபிமொழி அல்ல. இட்டுக்கட்டிய பொய். வாசிக்காமல் பலகையில் எழுதியவன் நான்.’ கீழே என் பெயர். இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லாக வாசித்துக்கொண்டே எழுதினேன்.

லுஹர் தொழுகை விட்டதும் தெருவே நின்றது. செக்ரட்டரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

“யாரக் கேட்டுவே எழுதுனீரு?”

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி கரண்டியோடு வாசலுக்கு வந்துவிட்டாள்.

“என்னயக் கேட்டுத்தான். வீடு எம் பேர்லல்லா இருக்கு.”