அப்பா அறுக்காத பாவு

அன்புத் தங்கைக்கு,

உன்னைப் பற்றிய படத்தை நேற்று மதியம் அப்பாவுடன் போய்ப் பார்த்தேன்.

ஊக்கமருந்துப் புகாரில் உனக்குத் தடை விதிக்கிறார்கள். அந்தச் செய்தியைக் கேட்டதும் படத்தில் வரும் அப்பா, தறியில் இருந்த பட்டுப் பாவு நூல் முழுவதையும் அறுத்தெறிகிறார். பின்வரிசையில் ஒருவர் சிரித்துவிட்டார். "எந்த நெசவுக்காரன்பா பாவ அறுப்பான்? அப்பால சோத்துக்கு இன்னா பண்ணுவான்?"

நம் அப்பா சிரிக்கவில்லை. நிஜத்தில் அந்தச் செய்தி வந்த அன்று அவர் எதுவும் பேசாமல் தறியில் உட்கார்ந்து நெய்ததை நாம் இருவருமே பார்த்தோம்.

இடைவேளையில், "இதெல்லாம் அவளே சொன்னாளாம்மா?" என்று கேட்டார். இயக்குநரின் கற்பனை என்றேன்.

படம் முடிந்ததும், கதை என்று போட்டு உன் பெயர் வந்தது. அவர் செருப்பைத் தேடிக் குனிந்திருந்தார். பார்த்தாரா என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் எதுவும் பேசாமல் தறியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

உன் அக்கா