எலெக்ட்ரான் விட்டுப்போன இடம்

செலண்டார்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள ராகினி அக்காவுக்கு,

தங்கை தேவிஸ்ரீயின் வணக்கம். ஊறுகாய்ப் பார்சலுக்குள் இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன். எண்ணெய் பட்டிருந்தால் பொறுத்துக்கொள். போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். நினைத்ததைப் பேச முடிவதில்லை.

முதலில் அம்மா எழுதச் சொன்னது. தோட்டத்தில் செம்பனைக் குலையை லாரியில் ஏற்றும்போது கீழே விழுந்ததில் அடிபட்ட காலை அப்பாவால் இன்னும் ஊன்ற முடியவில்லை. நீ ஆராய்ச்சியை விட்டுவிட்டு வந்தால் பக்கத்து ஊரான செங்கில் ஏதாவது தொழிற்சாலையில் வேலை கிடைக்கும், வீட்டோடு இருக்கலாம் என்கிறார் அம்மா. சோதனை சரியாக வரவில்லை, வந்துவிடுகிறேன் என்று நீயும் சொன்னாயாம். அன்றே உன் மெத்தையை வெயிலில் காயப்போட்டுவிட்டார்.

நீ லேசரில் ஆராய்ச்சி செய்வதாக அம்மா கோயிலில் சொன்னதைக் கேட்டு, எதிர்வீட்டு மீனம்மா அத்தை உன்னைக் கண் டாக்டர் என்று நம்பிவிட்டார். "ராகினி வந்ததும் மொதல்ல என் கண்ணப் பாக்கச் சொல்லு லா" என்றார். கண் இல்லை அத்தை, அக்கா லேசரால் பார்ப்பது கீரை இலையை என்றேன். "கீரையப் பாக்க ஜெர்மனிக்குப் போவணுமா? நம்ம பாசார்லயே கட்டுக் கட்டா கெடக்குதே" என்றார். அப்பா கால்வலியை மறந்து சிரித்தார்.

அத்தைக்கு விளக்கப் போய்த்தான் எனக்கே புரிந்தது. இலையில் வெளிச்சம் பட்டதும் அந்தச் சக்தி ஒரு பச்சையத்திலிருந்து அடுத்ததற்குக் கைமாறிக்கொண்டே போகும். வழியில் தங்கிவிட்டால் வீணாகும். கடைசியில் ஓர் எலெக்ட்ரான் கிளம்பும். கிளம்பிய இடமே அதைத் திரும்ப இழுக்கும். இழுப்பதற்குள் அது அடுத்த இடத்துக்குத் தாவிவிட வேண்டும், இல்லாவிட்டால் பட்ட வெளிச்சத்தால் பயனில்லை. அது அவ்வளவு வேகமாக நடப்பதால்தான் அதைவிடக் குறுகிய நேர லேசர் துடிப்பால் பார்க்கிறோம் என்று நீ சொன்னாய்.

"அது போயிட்டா, விட்ட எடம் காலியால்ல கெடக்கும்?" என்று அத்தை கேட்டார். புத்தகத்தில் தேடினேன். வேறோர் எலெக்ட்ரான் வந்து அந்த இடத்தை நிரப்பிவிடுமாம்.

அக்கா, அப்பாவைக் கிளினிக்குக்கு நான்தான் கூட்டிப்போகிறேன். அங்கே சொல்லிக்கொடுத்த கால் பயிற்சியைத் தினமும் செய்ய வைக்கிறேன். திட்டுகிறார், ஆனால் செய்கிறார். பள்ளியில் அடுத்த வருடம் படிவம் நான்கில் அறிவியல் பிரிவு கேட்டிருக்கிறேன். அம்மா செங் வேலை பற்றிப் பேச்செடுத்தாலே அப்பா டிவி சத்தத்தைக் கூட்டிவிடுகிறார். அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும், நீ பாதியில் விட்டு வருவது அவருக்குப் பிடிக்கவில்லை.

அம்மா காயப்போட்ட மெத்தையில் இன்று முதல் நான் படுக்கப்போகிறேன். இங்கே இப்போது இடமில்லை. சோதனையை மறுபடியும் செய். முடித்துவிட்டு வா.

அம்மாவிடம் ஊறுகாய் நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்.

உன் தங்கை,
தேவிஸ்ரீ