பத்தாவது ஆள்

அக்டோபர் 9, செவ்வாய்

காலை முழுக்க அமைச்சரின் பேச்சோடு மல்லுக்கட்டு. "யூத வெறுப்புக்கு இந்த மண்ணில் இடமில்லை" என்று எழுதினேன். டாக்டர் ஃபொல்க்மார் "ஒருபோதும்" சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். யூத வெறுப்பை எதிர்க்கவென்றே மாநில அரசு நடத்தும் அலுவலகம் எங்களுடையது. அதன் தலைவர் அவர். அதிலிருக்கும் ஒரே யூதப் பெண் நான். என்னத்தைச் சொல்ல.

சாயங்காலம் அப்பாவுக்குப் போன் போட்டேன். அம்மா போய் ஏழு மாதம் தாண்டிவிட்டது. இறந்த தாய்க்குப் பதினோரு மாதம் காடிஷ் துதி சொல்வது மகன் கடமை, எங்கள் வீட்டில் மகன் இல்லை. அந்தப் பொறுப்பை அப்பாவே எடுத்துக்கொண்டார். அந்தத் துதியைத் தனியாளாகச் சொல்ல முடியாது, பத்து யூத ஆண்கள் கூடியாக வேண்டும். எங்கள் ஊரில் வெள்ளி மாலை மட்டும் எப்படியோ பத்துத் தேறுகிறது.

"போன வாரமும் லிஃப்ஷிட்ஸ்தான் பத்தாவது ஆள்" என்றார் அப்பா. "அந்த ஒடெஸ்ஸாக்காரன் வர்ற வரைக்கும் எங்க உசுரு எங்ககிட்ட இல்ல. வந்ததும் கேக்குறான், 'ஏன்யா, நான் இல்லாம கடவுள்கிட்ட பேச பயமா?'ன்னு."

சிரித்தார். அவர் சிரித்து எத்தனை நாளாயிற்று!

அக்டோபர் 18, வியாழன்

நவம்பர் ஒன்பது, வெள்ளிக்கிழமை, அமைச்சர் எங்கள் ஊர் யூத ஜெப ஆலயத்துக்கே வருகிறார். எண்பது வருடம் முன்பு அதே இரவில்தான் யூத வெறுப்புக் கும்பல் அதைக் கொளுத்தியது. தூதர்கள், தொலைக்காட்சி எல்லாம் உண்டாம். ஃபொல்க்மாருக்குத் தலைகால் புரியவில்லை. "தமாரா, உலகமே நம்மளப் பார்க்கப் போகுது. உங்க ஊரு, உங்க ஜனங்க. அழைப்பு, வாசல் ஏற்பாடு ரெண்டும் நீங்களே பார்த்துடுங்க."

நவம்பர் 8

எல்லாம் தயார். பெருமையாகக்கூட இருக்கிறது.

நவம்பர் 10, சனி

எப்படி எழுதுவது?

வாசலில் வழக்கமாக நிற்கும் போலீஸ்காரருக்கு எங்கள் ஆட்கள் அத்தனை பேரையும் தெரியும். நேற்று அவர் இல்லை. தலைநகரிலிருந்து தனிப்படை வந்திருந்தது. மற்றவர்கள் வெளிச்சம் இருக்கும்போதே உள்ளே வந்துவிட்டார்கள். லிஃப்ஷிட்ஸ் வழக்கம்போலத் தாமதம். அதற்குள் பொழுது சாய்ந்து எங்கள் ஓய்வுநாள் பிறந்துவிட்டது. ஓய்வுநாளில் அவர் பையில் ஒரு துண்டுக் காகிதம்கூட வைத்துக்கொள்ள மாட்டார். அடையாள அட்டை எங்கே இருக்கும்?

வாசல் விதி: அட்டை இல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை. எழுதியது நான். என் கையால்.

உள்ளே அப்பா எண்ணிக்கொண்டிருந்தார். ஆட்களை நேராக எண்ணினால் கண் பட்டுவிடும் என்று எங்கள் பக்கம் "இல்லை" போட்டுத்தான் எண்ணுவார்கள். "ஒண்ணு இல்ல, ரெண்டு இல்ல..." "ஒன்பது இல்ல" என்பதோடு நின்றுவிட்டார். திரும்பவும் முதலிலிருந்து. அமைச்சர், இரவல் குல்லாவோடு, "ஒருபோதும்" என்று அழுத்திச் சொன்னார். கைதட்டினார்கள். அப்பா என் காதருகே வந்து, "கூட்டம் நிக்க இடமில்ல. காடிஷுக்கு ஆளக் காணோம்" என்றார். காடிஷ் சொல்லாமலே தொழுகை முடிந்தது.

லிஃப்ஷிட்ஸ் வீட்டுக்குத் திரும்பி நடந்திருக்கிறார். ஓய்வுநாளில் டிராம் ஏறமாட்டாரே. நிறுத்தத்தருகே மூன்று தடியன்கள் அவர் குல்லாவைத் தட்டிவிட்டு, யூதன் என்று சொல்லித் திட்டி, பிடித்துத் தள்ளியிருக்கிறார்கள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஐயோ, நான் என்ன செய்துவிட்டேன்! படுபாவி, அம்மா வளர்த்த பெண்ணா நான்?

நவம்பர் 13, செவ்வாய்

எங்கள் அலுவலக அறிக்கை: "நிகழ்ச்சி வளாகத்துக்குள் அசம்பாவிதம் எதுவும் இல்லை." பொய் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

டிசம்பர் 7, வெள்ளி

மருத்துவமனைக்குப் போனேன். லிஃப்ஷிட்ஸ் பாதியாகிவிட்டார்.

"போலீஸ்காரப் பையன் மரியாதையாத்தாம்மா பேசினான். 'உங்க பாதுகாப்புக்குத்தான் பெரியவரே'ன்னான்."

சொல்லிவிட்டேன், அந்த விதியை எழுதியது நான்தான் என்று.

"ஓய்வுநாள்ல நாங்க ஒண்ணும் கொண்டு வரமாட்டோம்னு உங்கம்மா சொல்லித் தரலியா?"

சொல்லித் தந்தாள். வாராவாரம் கதவருகே நின்று என் பையைத் தடவிப் பார்ப்பாள்.

இன்று மாலை ஏழு பேர்தான். விஷயம் பரவியதிலிருந்து வருபவர்களும் பயந்து நின்றுவிட்டார்கள். அந்த வெள்ளிக்குப் பிறகு காடிஷ் சொல்லவே முடியவில்லை. அப்பா புத்தகத்தில் அந்தப் பக்கம் வந்ததும் கொஞ்சம் நிற்கிறார், பிறகு புரட்டிவிடுகிறார்.

ஜனவரி 21

வெளிநாட்டு மாநாட்டுக்கு என்னையே அனுப்புகிறார்கள். நாற்பது அரசுகள். எங்கள் நவம்பர் ஏற்பாட்டை "முன்மாதிரி" என்று நான் விளக்க வேண்டுமாம். மாட்டேன் என்று சொல்லத் தைரியம் வரவில்லை. தூ!

ஜனவரி 23, புதன்

காலையில் அப்பா கூப்பிட்டார்.

"இன்னியோட பதினோரு மாசம் முடியுது, தமாரா."

"தெரியும்ப்பா."

"அங்க எத்தனை பேரு கூடியிருக்கீங்க?"

"நானூறு இருக்கும்."

"அதுல நம்மாளுங்க பத்துப் பேரு இருக்க மாட்டாங்களா? சாப்பாட்டு நேரத்துல ஒரு அஞ்சு நிமிஷம். யாராவது ஒருத்தர் உங்கம்மா பேரை நினைச்சுச் சொன்னாப் போதும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்டி."

இன்று அரசுப் பிரதிநிதிகள் மட்டும். யூத அமைப்புகளுக்கு நாளைக்குத் தனி அமர்வு. நாளை வந்து என்ன பயன்?

மேடையேறினேன். விளக்க வேண்டிய முன்மாதிரியை விட்டுவிட்டு, எங்கள் வாசலில் நடந்ததைச் சொன்னேன், எழுதியது யார் என்பதையும். பிறகு கேட்டேன்: "என் அம்மாவுக்குக் காடிஷ் சொல்லப் பத்து யூத ஆண்கள் வேண்டும். இங்கே இருப்பவர்கள் தயவுசெய்து கை தூக்குங்கள்."

முதலில் ஒருவரும் இல்லை. பிறகு ஒரு கை. இரண்டு. அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒன்பது. பின்வரிசையில், ஒரு நாட்டுக் கொடிக்குப் பின்னால், இன்னொரு கை தோள்வரை வந்தது. அந்த மனிதர் பக்கத்தில் இருந்த தன் சகாவைப் பார்த்தார். கையால் தலைமுடியைக் கோதிக்கொண்டு இறக்கிவிட்டார்.

காத்திருந்தேன். அவர் குனிந்து ஏதோ எழுத ஆரம்பித்தார்.

அப்பா போனை எடுத்ததும், "கிடைச்சாங்களா?" என்றார்.

"ஒன்பது பேருப்பா."

"அடடா, ஒருத்தர்ல போச்சே" என்றார். "சரி விடு. இல்லாததுக்கு யார் என்ன செய்ய முடியும்?"

தோள்வரை வந்து இறங்கிய அந்தப் பத்தாவது கையைப் பற்றி அப்பாவிடம் நான் சொல்லவில்லை.