மீன் தொட்டியில் கிளிஞ்சல் மூட்டை

செல்வமேரி,

ஞாயிறன்று மீன் தொட்டியருகே நான் நாற்காலியில், நீ தரையில், உன் தம்பி கஸ்பார் கட்டிலில் இருந்தோம். பக்கத்து வீட்டு டீச்சர் ஊருக்குப் போகையில் நம்மை நம்பி விட்டுப்போன சிக்லிட் மீன்கள்; காரத் தண்ணீர்தான் அவற்றுக்கு ஒத்துக்கொள்ளும். தண்ணீரின் காரத்தைக் காட்டும் பி.எச். ஏறட்டும் என்று ஆப்பசோடாவை மொத்தமாகக் கொட்டினேன். அவை மூச்சுக்குத் திணறின.

"மச்சான் மீனுக்கு ஆப்பம் சுடுறாரு" என்றான் கஸ்பார்.

"ஒரே நாள்ல ஏத்துனா அதுக தாங்குமாங்க?" என்று நீ கேட்டதற்குத்தான் கோபித்துக்கொண்டேன்.

நீயோ சொம்பு சொம்பாகத் தண்ணீரை மாற்றி, காரம் மெல்ல மெல்ல ஊறட்டும் என்று கிளிஞ்சலைத் துணியில் கட்டி உள்ளே தொங்கவிட்டாய். நாலு நாளாகச் சோதனைத் தாளில் பி.எச். எட்டுக்குக் குறையவில்லை. எனக்கு இந்தப் பொறுமை வராது.

உனக்காக நான் வைத்த ரசம் அடுப்பில் இருக்கிறது.

பரமானந்தம்

பி.கு.: சோடா கொட்டியது நான், மீன்களைக் காப்பாற்றியது நீ என்று டீச்சருக்கு எழுதி உறையை ஒட்டிவிட்டேன். தபாலில் போடப் போகிறேன்.