புயல் எங்கள் பக்கம் திரும்பிய வாரம்

ஏப்ரல் 29, செவ்வாய்

வெயில் தாங்கவில்லை. காலையிலிருந்து மின்சாரம் இல்லை. கீழே என் வீட்டுக்காரர் பாட்டரிகளுக்கு நடுவில், சட்டையில்லாமல். இப்போது இன்வெர்ட்டர் ரிப்பேர் குறைவு, தெருவே போனுக்கு சார்ஜ் போடத்தான் வருகிறது.

நாலு மணிக்கு மேல் வடக்கே கறுத்தது. மழை பேருக்குத்தான். காற்றுதான் பயம். யார் வீட்டுத் தகரமோ பறந்து வந்து மின்கம்பியில் மாட்டிக்கொண்டு ஆடுகிறது. இறக்க ஆளில்லை.

மகன் சே. ஆற்றுக்கு அக்கரையில், டாலாவில், லட்சுமி வீட்டில். லட்சுமி இவருடைய தங்கை, படகுத்துறையில் வெற்றிலைக்கடை. திங்ஞான் தண்ணீர்த் திருவிழா முடிந்த கையோடு அவனை அங்கே அனுப்பினோம். (அவன் பெயரை முழுசாக எழுதக் கை வரவில்லை. சே. போதும்.) இருபத்து மூன்று வயசு. பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கிறார்கள், எந்த வீட்டில் வயசுப்பையன் என்று கேட்டு வருகிறார்கள். எங்கள் பத்து வீட்டுக்கும் அரசாங்கம் வைத்த தலைவர் ஊ தின் மவுங் கேட்டபோது மலேசியா போய்விட்டான் என்றேன். "சரி மா சரசு" என்று போய்விட்டார். நம்பினாரா தெரியவில்லை.

வாங்க வேண்டியது: மெழுகுவத்தி, உப்பு, கருவாடு, இவருக்கு முதுகுத் தைலம்.

மே 2, வெள்ளி

மதியம் மூன்று மணிக்கே இருட்டு. நான் வேலைக்குப் போகிற லான்மடாவில் கடைகளெல்லாம் பாதி ஷட்டர். இடி ஒன்றன்மேல் ஒன்று.

சாயங்காலம் லட்சுமி போன். டாலாவுக்குத் தெற்கே வயல்பக்கம் சூறைக்காற்று இறங்கியதாம். பர்மாக்காரர்கள் இதைக் காற்றின் யானைத் துதிக்கை என்பார்கள். நான் இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை. சே. பார்த்திருக்கிறான். மேகத்திலிருந்து தொங்கி, வயலில் நடந்து, ஒரு மாட்டுக் கொட்டகையைத் தூக்கிக்கொண்டு போனதாம். சத்தமே ரயில் மாதிரி என்றான். மாடு பிழைத்தது. கூரை எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

சொல்லும்போது சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. லட்சுமி வீடு மூங்கில் தட்டி, நீபாப் பனையோலைக் கூரை. பக்கத்தில் ஒரு பெரிய புளியமரம்.

மே 5, திங்கள்

வங்காள விரிகுடாவில் காற்றழுத்தத் தாழ்வு. நான் வேலை பார்க்கும் மளிகைக்கடை முதலாளி காதர் பாய் போனில் படம் காட்டினார். நீலத்தில் ஒரு வெள்ளைச் சுழி. கோடு பங்களாதேஷ் பக்கம் போகிறது. "நமக்கு வராது, இருந்தாலும் கீழ்த்தட்டு மூட்டையெல்லாம் மேல ஏத்திருங்கம்மா" என்றார். வராது என்கிறவர் ஏன் ஏற்றச் சொல்கிறார்? பருப்பு, மிளகாய், சீனி எல்லாம் மேலே. முதுகு போயிற்று.

நெட் வருகிறது, போகிறது. வரும்போதெல்லாம் அந்தச் சுழியைப் பார்க்கிறேன். கண் வைத்த மாதிரி ஆகிவிட்டது.

மீன் குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் சாப்பிட்டேன். மீன் சரியில்லை.

மே 7, புதன்

கோடு திரும்பிவிட்டது. நேற்று ரக்கைன் கரை. இன்று இன்னும் கிழக்கே, கழிமுகத்துக்கு. அந்த அம்புக்குறியின் நுனியில் எங்கள் ஊர். பௌர்ணமி வேறு நெருங்குகிறது, தெருவோர ஓடையில் கடலேற்றத் தண்ணீர் இப்போதே படிக்கட்டின் அடிவரை.

லட்சுமி புத்த மடத்துக்குப் போகிறாள். டாலாவில் செங்கல் கட்டடம் அது ஒன்றுதான். ஆனால் தங்க வருகிறவர்களின் அடையாள அட்டையை வாசலில் பார்க்கிறார்களாம். சே. வரமாட்டேன் என்கிறானாம். வீட்டிலேயே இருந்துகொள்வானாம்.

போனில் அவனே: "அம்மா, நான் தனியா இருந்துக்குவேன். காத்து போயிரும். அவங்க புடிச்சா போக மாட்டாங்க."

இவர் பாட்டரி ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். இங்கே கூட்டி வந்தால் தெருவுக்கே தெரியும், அங்கே விட்டால் கூரையோடு போவான் என்றார். இரண்டு பக்கமும் பேசுகிற மனிதரோடு என்ன சண்டை போடுவது. போட்டேன்.

நான் போய்க் கூட்டிவருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சாதம் வடிக்காமல் படுத்தோம்.

மே 8, வியாழன்



காலையில் பாயிடம் லீவு கேட்டேன். ஏன் என்று கேட்கவில்லை, கடையிலிருந்த மழைக்கோட்டை எடுத்துக் கொடுத்தார். படகுத்துறையில் கூட்டம். மத்தியானத்தோடு பெரிய படகை நிறுத்தப்போகிறார்கள் என்று பேச்சு. சின்னப் படகுகள் ஒன்றும் இல்லை, எல்லாவற்றையும் கரையேற்றிவிட்டார்கள். ஆறு செம்மண் நிறம். காற்று விட்டுவிட்டு.

டாலாவில் சைக்கா ரிக்‌ஷா பிடித்து லட்சுமி வீடு. மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். நீயும் தாகேதாவுக்கு, எங்கள் வீட்டுக்கு வா என்றேன். "கடைய விட்டுட்டு எங்க அண்ணி வர்றது? மடத்துல இருந்தா எட்டிப் பாத்துக்குவேன். நீங்க புள்ளைய கூட்டிட்டுப் போங்க" என்றாள். சே. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். மெலிந்திருக்கிறான். தாடி. கன்னத்தில் கொசுக்கடி.

அவனுக்கு வர மனமில்லை. அந்தக் கரையில் அட்டை பார்க்கிறார்கள் என்றான். எனக்குத் தெரியாதா, காலையில் அட்டை பார்க்கிறவர்களின் மேசையைத் தாண்டித்தானே வந்தேன். வயசுப்பையன்களை ஒதுக்கி நிறுத்தி வைத்திருந்தார்கள். அதை அவனிடம் சொல்லவில்லை. புளியமரத்தை மட்டும் காட்டினேன். காற்றில் அடிமரமே அசைந்துகொண்டிருந்தது. அவன் நிமிர்ந்து பார்த்தான், செருப்பைப் போட்டுக்கொண்டான்.

கடைசிப் படகு. மேல்தளத்தில் நிற்க முடியவில்லை. நடு ஆற்றில் எல்லோரும் வாயை மூடிவிட்டார்கள், கோழிக்கூடைக்காரி மட்டும் ஏதோ முணுமுணுத்தபடி. அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தேன். சின்னப்பிள்ளையில் பிடித்தது போல. அவன் விடுவித்துக்கொள்ளவில்லை.

கரை தெரிந்தது. மேசை தெரிந்தது. அதன்மேல் தார்ப்பாய்ப் பந்தல். மேசைக்குப் பின்னால் நாலு பேர்.

என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது.

இறங்கப் பலகை போட்டதும் காற்றும் மழையுமாக அடித்தது. மழை என்று சொல்ல முடியாது, ஆறே எழுந்து வந்த மாதிரி. தார்ப்பாய் ஒரு பக்கம் கிழிந்து மேலே போயிற்று, கம்புகள் விழுந்தன, மேசை புரண்டது. மேசைக்காரர்கள் டிக்கெட் கொட்டகைக்கு ஓடினார்கள். எல்லோரும் ஓடினார்கள். நாங்களும். யாரும் எங்களைக் கூப்பிடவில்லை, கூப்பிட்டிருந்தாலும் கேட்டிருக்காது. தெருவில் ஒரு மரம் குறுக்கே கிடந்தது. ஏறித் தாண்டினோம். எந்தக் காற்றுக்குப் பயந்து இவனைக் கூட்டிவரப் போனேனோ அந்தக் காற்று.

வீடு வந்து சேர்ந்தோம். இவர் துண்டை எடுத்து மகன் தலையைத் துவட்டிவிட்டார்.

மே 9, வெள்ளி

காலையிலிருந்து காற்று நிற்கவில்லை. போன் செத்துவிட்டது, படம் பார்க்க வழியில்லை. இனி பார்த்து என்ன.

சே. மாடியில், துணித் திரைக்குப் பின்னால். சன்னல் பக்கம் வரக்கூடாது.

மதியம் ஓடை தெருவுக்கு வந்தது. முதலில் கணுக்கால். சோறு பொங்கி முடிப்பதற்குள் முழங்கால். பாட்டரிகளை மாடிக்கு ஏற்றினோம், பாதிக்கு மேல் முடியவில்லை. தண்ணீரில் டீசல் நாற்றம். தெருவில் மாடி உள்ள வீடுகள் இரண்டு மூன்றுதான்.

அப்போது கூப்பிடும் குரல். ஊ தின் மவுங். இடுப்பளவு தண்ணீரில் மனைவியைத் தூக்கப் பார்க்கிறார், முடியவில்லை. டோ மியாவுக்கு ஒரு பக்கம் வாதம். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு முறை மூழ்கி எழுந்தார்கள். இவர் இறங்கினார். இவருக்கு முதுகு சரியில்லை, படியிலேயே சறுக்கினார்.

திரை விலகியது. சே. என்னைத் தாண்டி இறங்கினான். நான் தடுக்கவில்லை. கை நீண்டது, சட்டையைத் தொட்டது, அவ்வளவுதான்.

டோ மியாவை முதுகில் போட்டுக்கொண்டு ஏறி வந்தான். ஊ தின் மவுங் பின்னாலேயே கைப்பிடியைப் பிடித்து ஏறினார். மாடிக்கு வந்து மூச்சு வாங்கியபடி அவனைப் பார்த்தார். ரொம்ப நேரம். பிறகு என்னைப் பார்த்தார். கூரைத் தகரம் அடித்துக்கொண்டே இருந்தது.

சோறு, கருவாடு, பச்சைமிளகாய். ஐந்து பேரும் ஒரே பாயில். டோ மியாவுக்கு சே. ஊட்டிவிட்டான், அவளுக்குக் கை வராது. ஊ தின் மவுங் சாப்பிடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மே 10, சனி

காற்று போய்விட்டது. தண்ணீர் போகவில்லை. நாய் ஒன்று மிதக்கிறது.

ஊ தின் மவுங் மனைவியை ஒரு கதவுப்பலகையில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார். நன்றி சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை. அவர் போனதிலிருந்து படியில் எந்தச் சத்தம் கேட்டாலும் எழுந்துபோய்த் திரையை இழுத்து விடுகிறேன்.

மாலை என் போனுக்கு உயிர் வந்ததும் லட்சுமி கூப்பிட்டாள், யாரோ ஒருவருடைய போனில். மடம் பத்திரம். வீடு இல்லை. புளியமரம் நடுவீட்டில் கிடக்கிறதாம், அவன் படுக்கிற இடத்தில். கடையும் போயிற்று. அழவில்லை அவள்.

இவரிடம் சொன்னேன். கீழே போய், முழங்கால் தண்ணீரில், நனைந்த பாட்டரிமேல் உட்கார்ந்துகொண்டார். கூப்பிட்டேன், வரவில்லை.

மே 12, திங்கள்

சேறு. வழித்து வழித்துக் கை புண். வெயில் வேறு.

ஊ தின் மவுங் வந்தார். கையில் கொஞ்சம் அரிசி. உட்காரச் சொன்னேன், மாட்டேன் என்றார். குரலைத் தாழ்த்தி பர்மியில் சொன்னது, அப்படியே:

"மா சரசு, நான் யாரையும் பார்க்கவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை வெளியாட்கள் வீடு வீடாக வருகிறார்கள். சேதம் பார்க்கவாம். அவர்கள் என் பேச்சைக் கேட்கிறவர்கள் இல்லை."

திரைக்குப் பின்னால் அவனும் கேட்டிருப்பான். ஊ தின் மவுங் அந்தத் திரையைப் பார்க்காமலே திரும்பிப் போனார்.

மே 14, புதன்

போய்விட்டான். அதிகாலையில், காய்கறி லாரியில். காதர் பாய்க்குத் தெரிந்த டிரைவர். எங்கே என்று பாய் சொல்ல வந்தார், வேண்டாம் என்றேன். தெரியாததை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது.

தாடியை மழித்துவிட்டேன். புளிச்சோறு கட்டினேன். இவர் தன்னுடைய நல்ல லொஞ்சிக் கைலியைக் கொடுத்தார், புதுசு, மடிப்புக் கலையாதது.

மே 16, வெள்ளி

வந்தார்கள். ஆறு பேர். மாடி ஏறினார்கள். திரையை விலக்கினார்கள். ஈரப் பாய், பாட்டரிகள். எத்தனை பேர் என்று கேட்டார்கள். இரண்டு பேர் என்றார் இவர். இரண்டு பேர் என்றேன் நானும். இறங்கிப் போனார்கள்.

பிறகு வாந்தி எடுத்தேன்.

மே 18, ஞாயிறு

மேற்கே மறுபடி கறுக்கிறது. இது பருவமழை, பயப்பட ஒன்றும் இல்லை என்கிறார் இவர். காலை முழுக்க மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினொரு மணிக்குத் தெரியாத நம்பர். "அம்மா" என்றான். பின்னால் வண்டிச் சத்தம், யாரோ சிரிக்கிறார்கள். சாப்பிட்டாயா என்றேன். சாப்பிட்டானாம். எங்கே என்று கேட்கவில்லை. அங்கே மழையா என்று மட்டும் கேட்டேன்.

"இல்லம்மா. இங்க நல்ல வெயில்."