கள்ளியில் ஒட்டிய பஞ்சு

ஆடி வெள்ளி, இரவு

பனியன் கம்பெனியில் பஞ்சு ஒட்டாத பொருள் ஏது? வாசலில் நிற்கும் தூண் கள்ளியின் உச்சிக்குக் கீழே, மேற்குப் பக்கம் மட்டும், வெள்ளையாக அப்பியிருந்தது. சரக்கு வாங்கும் பையர் கம்பெனியைப் பார்க்க வருகிற நாள். மெஷின்களை ஊதும் ஏர் கன்னை எடுத்து நானே அடித்தேன். போகவில்லை. எரிச்சலில் பிடித்து இழுத்தேன். கள்ளியின் சதையோடு பிய்ந்து வந்தது. விரலெல்லாம் ஈரம்.

செக்கிங் சரசு ஓடி வந்தாள். "ஐயோ, அது பஞ்சு இல்லீங்கக்கா. கள்ளியே உடுற முடிங்க. வயசான கள்ளிக்குத்தான் வருமுங்க. மொட்டு அதுக்குள்ளதான் இருக்குமுங்க."

பிரித்துப் பார்த்தேன். கட்டைவிரல் அளவில் ஒரு மொட்டு இருந்தது.

கல்யாணமான வருடம் அவர் நட்ட கள்ளி. என்றாவது பூக்கும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். போன தையில் அவரும் போய்விட்டார்.

எறிய மனமில்லாமல் அந்த முடியோடு மொட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தேன். பையர் என்ன சொன்னார் என்பதுகூட நினைவில்லை.

சற்று முன் அறையெங்கும் பழைய முட்டைக்கோஸ் வாடை. திரும்பிப் பார்த்தேன். வாடை மேசையிலிருந்துதான்; முடிக்குள்ளிருந்து இதழ்கள் ஒவ்வொன்றாக விரிகின்றன.

தன்னைப் பிடுங்கிவிட்டது அதற்கு இன்னும் தெரியவில்லை.